பின்புறம் பார்க்கும் இருக்கை

எங்கள் ஏரியில் பனிக்கட்டி உடைந்து கரைந்ததுமே படகுகளைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அந்த ஆண்டு மே மாதத்தில் ஆர்லன் ஸ்டெண்டால் தன் கொட்டகையைத் திறந்து, குளிர்காலம் முழுவதும் நீலத் தார்ப்பாய்க்குள் உறங்கிக் கிடந்த படகை வெளியே இழுத்து நிறுத்தினான். பிறகு பக்கத்துத் தோட்டத்தில் நின்றிருந்த என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். அவன் என் பழைய மாணவன். ஐம்பத்தைந்து வயதாகிறது, சன்னல் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருக்கிறான். ஆனாலும் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றும் பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை.

"சார், ஒரு யோசனை கேக்கணும். இந்தப் படகுக்கு டவர் போட்டா எப்படி இருக்கும்?"

"கழுதைக்கு மான் கொம்பு வெச்ச மாதிரி இருக்கும்."

"படகுக்கடை டெல்மரும் அதத்தான் சொன்னான். ஆனா பரவாயில்ல, விக்கிறேன்னான்."

டவர் என்பது படகின் இரு ஓரங்களிலும் துளையிட்டு முடுக்கப்படும் அலுமினியக் குழாய் வளைவு. ஓட்டுபவரின் தலைக்கு மேல் ஒரு வாசல் வளைவைப்போல் அது எழுந்து நிற்கும். நீர்ச்சறுக்கு ஆடுகிறவரைப் படகு இழுத்துச் செல்லும் கயிற்றைப் பழைய படகுகளில் நடுவிலுள்ள குட்டைத் தூணில் கட்டுவோம். கயிறு தாழ்வாக இருப்பதால் பின்னால் வருகிறவர் தண்ணீரை ஒட்டியே சறுக்கி வருவார். டவரின் உச்சியில் கட்டினால், ஒற்றைப் பலகையில் இரு கால்களையும் பிணைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் படகு எழுப்பும் அலையிலிருந்து எம்பி, ஒரு கணம் வானத்தில் தொங்கிவிட்டு இறங்குவார்கள். எதிர்க்கரையில் புதிய வீடுகளுக்கு வந்தவர்களின் படகுகளிலெல்லாம் டவர் உண்டு. ஆர்லனின் மகள் சிக்னி நான்கு கோடைகளாக அதைக் கேட்டுவந்தாள். நான்கு கோடைகளும் ஆர்லன் சொன்ன பதில் ஒன்றுதான்: அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. கோடை முடிந்ததும் டுலூத் நகரத்துக் கல்லூரிக்குப் போகிறாள்.

அந்தப் படகு ஆர்லனின் மனைவி ஜோடெலின் தந்தை வைத்திருந்தது. அதில் ஓட்டுபவருக்குப் பக்கத்திலுள்ள இருக்கை பின்புறம் பார்த்துத் திருப்பிவைக்கப்பட்டிருக்கும். கயிற்றில் வருகிறவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் மாநிலச் சட்டம். ஓட்டுபவர் முன்னால் பார்க்க, காவலிருப்பவர் பின்னால் பார்ப்பார். ஆள் இல்லையென்றால் பின்னால் வருவதைக் காட்டும் அகலமான கண்ணாடி ஒன்று இருந்தாலும் போதும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஜோடெல் பதினான்கு வயதில் தன் தந்தைக்காக அந்த இருக்கையில் உட்கார்ந்தவள். பிறகு ஆர்லனுக்காக உட்கார்ந்தாள். கயிற்றில் வருகிறவர் கட்டைவிரலை உயர்த்தினால் இன்னும் வேகம் வேண்டும். தலையில் தட்டிக்கொண்டால், 'போதும், வீட்டுக்குக் கொண்டுபோ' என்று பொருள். விழுந்துவிட்டால் ஜோடெல் தன் வலக்கையை நேராக உயர்த்துவாள். ஆர்லன் திரும்பிப் பார்க்கமாட்டான். அந்தக் கையைக் கடைக்கண்ணில் கண்டதுமே வேகத்தைக் குறைத்துப் படகை வளைப்பான். விழுந்தவரை நெருங்கியதும் இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும். தண்ணீரில் ஆள் இருக்கையில் படகின் விசிறி சுழலக் கூடாது என்பது ஜோடெலின் தந்தை வகுத்த விதி. அவர் போன பின்னும் அதை யாரும் மீறியதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் அந்தக் கை உயரவில்லை.

அன்று நான் கரையிலிருந்து நீருக்குள் நீளும் என் மரத்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆர்லனின் படகு ஏரியின் குடாவைக் கடந்து போயிற்று. பின்னால் கயிறு மட்டும் அலைமேல் துள்ளித் துள்ளிப் போயிற்று. ஜோடெல் தன் இருக்கையில் அமர்ந்து, அந்த வெறுங்கயிற்றை முகமெல்லாம் மலர்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியின் நடுவில், வெகு தொலைவில், சிக்னியின் தலை ஒரு கறுப்புப் புள்ளியாக மிதந்தது. அவள் கையை உயர்த்தியபடி இருக்க, வேறொரு படகு அவளை நோக்கி வந்து, கடைசியில் கண்டு விலகிப் போயிற்று. தீங்கு எதுவும் நேரவில்லை. அன்று மாலை அவர்கள் மூவரும் முற்றத்தில் மீன் வறுத்துச் சாப்பிட்டதைக் கண்டேன். நடந்ததைப் பற்றி அந்த மேசையில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்து மக்கள் கெட்டவர்கள் அல்லர். வலிக்கிற இடத்தை வாயால் தொடாமலிருப்பதே மரியாதை என்று வளர்ந்தவர்கள்.

ஜோடெல் எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். நவம்பரில் ஒரு காலை, வழக்கமாக நிறுத்தும் வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் உறைபனியில் நின்று அழுதார்கள். மறுநாள் அவளே சாவியைக் கொண்டுபோய் அலுவலக மேசையில் வைத்தாள். கிறிஸ்துமசுக்கு முன்பு ஃபார்கோ நகரத்தில் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். முதுமையில் வரவேண்டிய மறதி அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதில் வந்திருந்தது. அது நிற்காது, திரும்பாது, அவளுக்குச் சற்று வேகமாகவே வரும் என்றும் சொன்னார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும் என்பது ஆர்லனுக்குத் தெரியும். ஆகவே டவரின் படங்கள் அச்சிட்ட புத்தகத்தை என்னிடம் நீட்டியபோது, அவன் என் முகத்தைப் பார்க்காமல் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினான்.

"அதோட ஒரு கண்ணாடியும் வரும் சார்."

"கண்ணாடிய மட்டும் தனியா வாங்கலாமே, ஆர்லன். முன் கண்ணாடிச் சட்டத்துலயே மாட்டிக்கலாம்."

அவன் தார்ப்பாயின் ஓரங்களை ஒன்றோடொன்று பொருத்தி, மிகவும் நேராக மடித்தான்.

"வாங்கலாம். ஆனா தனியா வாங்கினா அது கண்ணாடி மட்டும்தானே சார்."

எனக்குப் புரிந்தது. கண்ணாடியை மட்டும் வாங்கினால் அது ஒரு சொல்லைச் சொல்லிவிடும். டவரோடு வந்தால் அது டவரின் ஓர் உறுப்பு. யாரும் எதுவும் சொன்னதாகாது.

*

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் டெல்மர் ஆர்லனின் வீட்டுக்கு வந்தான். கால்வாயருகே படகுக்கடை வைத்திருக்கும் அவன் எதையும் விற்றுவிடக்கூடியவன், ஆனால் நல்லவன். என்னையும் காப்பிக்கு அழைத்திருந்தார்கள். ஜோடெல் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு சேர்த்துச் சுட்ட இனிப்பு வில்லைகளை மேசைமேல் வைத்தாள்.

"ஜோடெல், இந்த வில்லைக்காகவே வாரம் ஒரு டவர் விக்க வரலாம் போலிருக்கு" என்றான் டெல்மர்.

"முதல்ல ஒண்ண வித்துட்டு அப்புறம் பேசு."

டவரைப் பற்றி அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். பேசவேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். படகைத் தண்ணீருக்கு மேல் தூக்கி நிறுத்தும் சட்டத்தின் துணிக்கூரையில் டவர் இடிக்கும் என்றான் ஆர்லன்.

"மடக்கி வெச்சுக்கலாம். மடக்கினாலும் இடிக்கும், அது வேற விஷயம்" என்றான் டெல்மர்.

"காத்தடிச்சா படகு ஒரு பக்கமா இழுக்காதா?"

"காத்தடிச்சா எல்லாப் படகும்தான் இழுக்கும்."

"அப்பாவோட படகுல ஓட்டை போடணுமா?" என்று கேட்டாள் ஜோடெல்.

"நாலே நாலு ஓட்டைதான்."

"உன் மண்டையில போட்டா நாலே நாலுதான்னு சொல்லுவியா?"

சிக்னி காப்பிக் கோப்பைக்குள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நோய் வந்தபின் ஜோடெலின் நாக்கு முன்னைவிடக் கூர்மையாகியிருந்தது என்றே எனக்குத் தோன்றியது. தேய்கிற பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பதுபோல.

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துத் தாள்களைப் புரட்டினாள். ஒரு படத்தில் அவளுடைய விரல் நின்றது.

"இது என்ன?"

"கண்ணாடி" என்றான் ஆர்லன்.

"எதுக்கு?"

ஆர்லன் வில்லையை இரண்டாகப் பிட்டான். பிறகு நான்காகப் பிட்டான். நோயைப் பற்றி டெல்மருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லையாதலால், அவன் தன் தொழிலுக்குரிய மகிழ்ச்சியோடு பதில் சொன்னான்.

"அதுதான் இதுல விசேஷமே. அது இருந்தா பின்னால பாக்க ஆளே வேண்டாம். ஓட்டுறவனே பாத்துக்கலாம். நீ முன்னால திரும்பி உக்காந்து காத்து வாங்கலாம், ஜோடெல்."

ஜோடெலின் விரல் படத்தைவிட்டு நகரவில்லை. குளிர்பதனப் பெட்டி உறுமத் தொடங்கி அடங்கியது. அப்போது சிக்னி தலை நிமிராமல் பேசினாள்.

"எனக்கு டவர் வேண்டாம்ப்பா. பழைய மாதிரியே போலாம்."

"நாலு வருஷமா நீதானே கேட்டே" என்றான் ஆர்லன்.

"இப்ப வேண்டாம்."

"ஏன்?" என்று கேட்டாள் ஜோடெல்.

"முட்டி வலிக்குது."

அன்று காலையில்தான் அவள் துறையிலிருந்து நாயோடு போட்டியிட்டுக் கரைவரை ஓடியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். ஜோடெலும் பார்த்திருந்தாள், அன்று அவளுக்கு நினைவும் நன்றாக இருந்தது.

"அப்ப பரவாயில்ல" என்றான் ஆர்லன்.

"பரவாயில்ல" என்றேன் நான்.

டெல்மர் இன்னொரு வில்லையை எடுத்துக்கொண்டு, புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

*

ஜூன் மாதத்தில் தண்ணீர் குளிக்கும் பதத்துக்கு வந்தது. ஆர்லன் என் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சார், சாயங்காலத்துல எங்களோட படகுல வரீங்களா? பின் பெஞ்சியில உக்காந்தா போதும்."

"எதுக்கு?"

"காத்து வாங்க. ஜோ கேட்டா அப்படிச் சொல்லுங்க. சிக்னி விழுந்து, ஜோ கை தூக்கலேன்னா, படகு ஓரத்துல ரெண்டு தட்டு தட்டுங்க. எனக்குக் கேக்கும்."

நான் ஒப்புக்கொண்டேன். அன்பின் பெயரால் செய்யப்படும் ஏமாற்று வேலைகள் எளிதாகத் தொடங்கிவிடுகின்றன.

அந்த மாலை ஏரி அசைவற்று இருந்தது. சிக்னி பழைய பலகையோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதன்முறை அவள் விழுந்ததும் ஜோடெலின் கை சட்டென்று உயர்ந்தது. வாழ்நாளெல்லாம் பழகிய கை அது. இரண்டாம் முறையும் உயர்ந்தது. மருத்துவர் சொன்னது எங்கள் ஏரிக்குப் பொருந்தாதோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

மூன்றாம் முறை சிக்னி ஒரு வளைவில் நிலைதடுமாறி விழுந்தாள். ஜோடெல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலைகள் இரண்டாகப் பிரிந்து விரிந்து போவதையும் கயிறு அவற்றின்மேல் துள்ளுவதையும் அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்தாள். அவளுடைய கை மடியிலேயே கிடந்தது. நான் ஒரு மூச்சளவு காத்திருந்தேன். பிறகு இரண்டு முறை தட்டினேன்.

ஆர்லன் படகை வளைத்தான். ஜோடெல் தன் வலக்கையைக் குனிந்து பார்த்தாள். பின்பு என்னைப் பார்த்தாள். அவள் என்ன கண்டாள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கரைக்கு வந்து சிக்னி வீட்டுக்குள் போனதும், ஜோடெல் துறையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள். ஆர்லன் படகுக்குள் நின்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சார், உங்களுக்குப் படகுல ஏறினாலே தலை சுத்தும். எப்ப இருந்து காத்து வாங்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள் ஜோடெல்.

"சும்மாதான்."

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு காவலா?"

நான் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

"ஏதோ ஒரு கதை வெச்சிருக்கீங்க. மூஞ்சியிலேயே தெரியுது. சொல்லிடுங்க. இல்லாட்டி ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது."

மிருகங்களும் பறவைகளும் பேசும் கதைகளை நாற்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லியவன் நான். அவள் கேட்டதனால் சொன்னேன். காட்டுவாத்துகளின் கூட்டம் ஒன்று இருந்தது. மற்றவை புல் மேயும்போது ஒரு வாத்து மட்டும் கழுத்தை உயர்த்தி நரி வருகிறதா என்று காவல் பார்க்கும். ஆண்டுகள் கடந்தன, காவல் வாத்தின் கண் மங்கிற்று. கூட்டத்துக்கு அதன்மேல் பிரியம் அதிகம். 'நீ விலகிக்கொள்' என்று சொல்ல எந்த வாத்துக்கும் மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொன்றும் ஒரு கண்ணால் புல்லையும் மறுகண்ணால் நரி வரும் வழியையும் பார்த்து மேய்ந்தது. எந்த வாத்தும் வயிறு நிறையத் தின்னவில்லை. இலையுதிர்காலம் வந்தபோது தெற்கே பறந்துபோகும் வலு அவற்றுக்கு இல்லை.

ஜோடெல் கால்விரல்களால் தண்ணீரைக் கலக்கினாள்.

"அந்தக் காவல் வாத்துக்குத் தெரியுமா?"

"எது?"

"மத்ததெல்லாம் ஒரு கண்ணால தன்னைப் பாக்குதுன்னு."

"அது கதையில இல்ல."

"தெரிஞ்சிருக்கும். கதை சொல்றவருக்குத்தான் தெரியல" என்றாள். பிறகு, "உங்க கதையில மிருகமெல்லாம் பேசுது. எங்க வீட்டுல மனுஷங்க பேச மாட்டேங்கிறாங்க" என்றாள்.

படகுக்குள் கயிறு சுருளும் ஓசை நின்றுவிட்டது. ஜோடெல் தலையைத் திருப்பினாள்.

"கையகலக் கண்ணாடிய மறைக்க இத்தனை பெரிய டவரா, ஆர்லன்?"

ஆர்லன் சுருட்டிய கயிற்றை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"நீ என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"என்னன்னு கேக்கிறது, ஜோ?"

அவள் கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டாள்.

"அதான். என்னன்னு கேக்கணும்னு எனக்கும் தெரியல."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். துறை குறுகலானது, அவளைத் தாண்டித்தான் போகமுடியும்.

"டவரைப் போடு. கண்ணாடியும் போடு. அவ முட்டி நல்லாத்தான் இருக்கு. போறதுக்குள்ள ஒரு தடவையாவது அவ பறக்கட்டும்" என்றாள் ஜோடெல். "இருபது வருஷம் பஸ்ஸுல கண்ணாடியிலதான் பிள்ளைங்களப் பாத்தேன். கண்ணாடி எல்லாரையும் காட்டும். யாரு அழப்போறான்னு மட்டும் காட்டாது. அதுக்கு நாமதான் பாக்கணும். அதனால என் சீட்ட மட்டும் திருப்பாத."

"சரி."

"நான் பின்னாலதான் பாத்துட்டு உக்காருவேன்."

"சரி, ஜோ. சரி."

அவள் கேட்டது அவ்வளவுதான். டவர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அங்கே தீர்ந்தது. அவளுடைய கையை இனி யாராவது நம்புவார்களா என்ற கேள்வி தீரவில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

*

ஜூலையில் டெல்மர் நான்கு துளைகளைப் போட்டான். துளை போடும்போது ஜோடெலைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போகும்படி ஆர்லன் என்னிடம் கேட்டுக்கொண்டான். திரும்பி வந்தபோது டவர் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. துணிக்கூரையைக் கழற்றி எறிந்திருந்தார்கள். அடக்கமான அந்தப் பழைய படகு, பேரக்குழந்தையின் தொப்பியை அணிந்துகொண்ட கிழவரைப்போல் கூச்சத்தோடு நிற்பதாக எனக்குத் தோன்றியது.

"கழுதைக்குக் கொம்பு முளைச்சாச்சு" என்றான் ஆர்லன். யாரும் சிரிக்கவில்லை.

முதல் ஓட்டத்துக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். இந்த முறை வெறும் விருந்தினனாக. கயிறு உயரத்திலிருந்து இறங்கிச் சிக்னியின் கைகளுக்குப் போயிற்று. ஓரிரு முறை தடுமாறியபின் அவள் அலையின் விளிம்பை நோக்கி வந்து எம்பினாள். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவே எதிர்க்கரையின் பைன் மரங்கள் தெரிந்தன. ஜோடெல் இரு கைகளாலும் இருக்கையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"அம்மாடி, எங்க போற நீ" என்று தனக்குள் சொன்னாள்.

இறங்கும்போது சிக்னி புரண்டு விழுந்தாள். அந்தக் கணத்திலேயே ஜோடெலின் வலக்கை உயர்ந்தது. தாமதமில்லை, தயக்கமில்லை, பதினான்கு வயதில் உயர்ந்ததுபோலவே உயர்ந்தது. ஆனால் ஆர்லனின் கண் முதலில் கண்ணாடிக்குப் போயிற்று. அதில் வெறுங்கயிற்றைக் கண்டபிறகுதான் அவன் வேகத்தைக் குறைத்தான். இமைக்கும் நேரம்கூட இருக்காது. அவன் அறிந்து செய்ததுமில்லை. ஆனால் அந்தக் கை உயர்ந்தபோது அவன் வேறொன்றைப் பார்த்துச் சரிபார்த்தது அதுவே முதல்முறை. ஜோடெல் தன் இருக்கையிலிருந்து அவன் முகத்தை நேராகப் பார்க்கக்கூடியவள். அவள் பார்த்தாள்.

பிறகு ஒருமுறை சிக்னி கயிற்றில் நன்றாக வந்துகொண்டிருக்கையிலேயே ஜோடெல் கையை உயர்த்தினாள். ஆர்லன் கண்ணாடியைப் பார்த்தான். வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினான். அவன் செய்தது சரிதான். அவளுடைய கை சிறிது நேரம் மேலேயே நின்றது. பின்பு, அழைப்பார் யாருமில்லாத மாணவனின் கையைப்போல் மெல்ல இறங்கியது. அதன்பின் அந்தக் கோடையில் அது உயர்ந்ததை நான் காணவில்லை. ஒவ்வொரு மாலையும் அவள் அதே இருக்கையில் பின்னோக்கி அமர்ந்தாள். கைகளை முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொண்டாள்.

டவர் வாங்கிய காரியம் குறைவற நிறைவேறியது. சிக்னி நாள்தோறும் பறந்தாள். அவளைத் தண்ணீரில் விட்டுவிட்டு யாரும் போகவில்லை.

ஆகஸ்டு கடைசியில் அவள் டுலூத்துக்குப் புறப்பட்டாள். கார் திரும்பும் இடத்தில் சன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, அம்மாவைப் பார்த்துத் தன் தலையில் தட்டிக்கொண்டாள். எங்கள் ஏரியில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும்: போதும், வீட்டுக்குக் கொண்டுபோ. ஜோடெல் புன்னகையோடு, விருந்துக்கு வந்துபோகிற எவருக்கும் கையசைப்பதுபோல அசைத்தாள். கார் சற்று நேரம் நின்றது. பிறகு போயிற்று.

"நல்ல பொண்ணு" என்றாள் ஜோடெல். "யாரு வீட்டுப் பொண்ணு?"

"நம்ம வீட்டுப் பொண்ணுதான், ஜோ" என்றான் ஆர்லன்.

"நம்ம வீட்டுலயா? அப்ப பரவாயில்ல."

*

செப்டம்பரில் மேப்பிள் இலைகள் சிவந்தபோது, படகைக் குளிர்காலத்துக்காகக் கரையேற்ற வேண்டியிருந்தது. கரையேற்றும் சரிவு ஏரியின் மறுகோடியில் இருக்கிறது. கை உதவிக்காக ஆர்லன் என்னை அழைத்தான். ஜோடெலைத் தனியாக வீட்டில் விடமுடியாது என்பதால் அவளும் வந்தாள். அவளுக்குக் கம்பளிச் சட்டை அணிவித்து, உயிர்காப்பு மேலாடையின் வார்களை ஆர்லனே பூட்டினான். அவள் யாரும் சொல்லாமலேயே தன் இருக்கையில் போய்ப் பின்னோக்கி அமர்ந்தாள்.

ஏரியில் வேறு படகு இல்லை. பாதி வீடுகளின் சன்னல்களுக்குப் பலகை அடித்தாயிற்று. கயிறு சுருளாக என் காலடியில் கிடந்தது. டவரின் குழாய்களுக்குள் காற்று புகுந்து, ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது.

ஏரியின் நடுவை அடைந்தபோது ஜோடெலின் வலக்கை உயர்ந்தது.

நேராக, உறுதியாக உயர்ந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். படகு எழுப்பிய அலைகள் இரண்டும் விரிந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே சாம்பல்நிறத் தண்ணீர் மட்டுமே இருந்தது.

ஆர்லன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கடைக்கண்ணில் அந்தக் கையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துப் படகை வளைத்தான். முன்பெல்லாம் எப்படி வளைப்பானோ அப்படியே வளைத்தான்.

"எங்க, ஜோ?"

"அங்க. அந்த அலைக்கு அந்தப் பக்கம். மெதுவாப் போ."

அவன் மெதுவாகப் போனான். அவள் இருக்கையை விட்டு எழுந்து, படகின் ஓரத்தில் மண்டியிட்டு, தண்ணீருக்கு மேல் கையை நீட்டினாள். ஆர்லன் ஒரு கையால் அவளுடைய மேலாடையின் வாரைப் பற்றிக்கொண்டான்.

"பயப்படாத, வந்துட்டோம்" என்றாள் அவள் தண்ணீரைப் பார்த்து. "இந்தா, கையைப் பிடிச்சுக்கோ."

ஆர்லன் மறுகையை நீட்டிச் சாவியைத் திருப்பி, இயந்திரத்தை அணைத்தான்.